கையெழுத்துக்கு வந்தவர்

பொருளியல் துறையின் வாசலில் லிஃப்ட்காரர் வந்து நின்றபோது மணி இரண்டு இருபது. கையில் ஒரு படிவம். ஐந்து மணிக்குள் அதில் துறைத் தலைவியின் கையெழுத்தை வாங்கிக் கீழ்த்தளத்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அவருடைய மகள் பொருளியலிலிருந்து மருந்தியலுக்கு மாறிவிடுவாள். படிப்பு மாறுவதற்கு அன்றுதான் கடைசி நாள்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவர் இல்லை. பழுதான லிஃப்ட்டைச் சரிசெய்கிறவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த வித்தியாசத்தை யாரிடமும் ஒருமுறையாவது விளக்காமல் அவருக்கு அறிமுகம் முடியாது.

அன்று அவர் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டு மச்சானுடையது. மச்சான் ஒல்லி என்பதால் பித்தான் எதுவும் மாட்டவில்லை. பேராசிரியரைப் பார்க்கப் போகிறவர் கிரீஸ் வாசனையோடு போகக் கூடாது என்று மனைவிதான் வாங்கி வந்து மாட்டிவிட்டாள். தோளைத் தூக்கினால் முதுகில் ஏதோ பிரிகிற சத்தம் கேட்டதால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கம்பியைக் கூடப் பிடிக்காமல் விறைப்பாக நின்றுகொண்டு வந்திருந்தார்.

வீட்டில் மூன்று வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒரு சின்னக் கேள்வியில் ஆரம்பித்தது. இதைப் படித்தால் என்ன ஆகலாம் என்று அவர் கேட்டார். நிறைய ஆகலாம்ப்பா என்று அவள் சொன்னாள். அந்த 'நிறைய'தான் அவருக்குச் சரியாகப் படவில்லை. லிஃப்ட் என்ன செய்யும் என்று கேட்டால் மேலே போகும், கீழே வரும் என்று சொல்லலாம். நிறையச் செய்யும் என்று எவனாவது சொன்னால் அந்த லிஃப்ட்டில் அவர் ஏற மாட்டார். மருந்தியல் என்றால் மருந்துக்கடை. கேட்டவுடனே கண் முன்னால் தெரிகிறது, வாசலில் விளக்குக்கூட எரிகிறது. விஷயம் தெரிந்தவன் என்று பெயரெடுத்த மச்சானிடமும் கேட்டுப் பார்த்தார். பொருளியல் படித்தால் பேங்க்கில் உட்காரலாம், இல்லாவிட்டால் வாத்தியாராகலாம், இரண்டும் இல்லாவிட்டால் டிவியில் வந்து விலைவாசியைப் பற்றிக் கவலைப்படலாம் என்று மச்சான் சொன்னார்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருந்த அம்மா மூலமாகத்தான் பேசினார்கள். உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு. உப்பு அவர் கைக்குப் பக்கத்துலயே இருக்குன்னு சொல்லும்மா. மூன்றாவது வாரம் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு வாய் வலிக்கிறது, ஆளுக்கொரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போனாள்.

கடைசியில் மகளே படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டாள். எங்க மேடம் கையெழுத்தை அவரே போய் வாங்கிக்கட்டும், நான் போய்க் கேட்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் படுத்த லிஃப்ட்காரருக்கு அன்று ஏனோ சரியாகத் தூக்கம் வரவில்லை.

துறை வாசலில் பேட்ஜ் குத்திக்கொண்டு ஒரு மாணவி நின்றிருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"துறைத் தலைவியைப் பார்க்கணும்மா. ஒரு கையெழுத்துக்காக வந்திருக்கேன்."

அவள் முகம் மலர்ந்தது. "வாங்க சார். உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்."

ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் பெற்றோருக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் வியந்துகொண்டே பின்னால் போனார். அவள் ஒரு மேஜையருகே நிறுத்தி, பட்டு நாடா வைத்த தடிமனான ஒரு நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினாள். கையெழுத்து வாங்க வந்தவரிடம் ஏன் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பது புரியவில்லை. ஒருவேளை இங்கே முறை அப்படி இருக்கும் என்று போட்டுவைத்தார். பக்கத்துக் கட்டத்தில் 'துறை' என்று கேட்டிருந்தது. 'லிஃப்ட்' என்று எழுதினார்.

பேட்ஜ்காரி அதை இரண்டு முறை படித்தாள்.

"லிஃப்ட்டுன்னா... அந்த சர்வதேச அமைப்புதானே சார்?"

"இல்லம்மா, மாடிக்குப் போற லிஃப்ட்" என்று அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவள் பக்கத்திலிருந்த தோழியிடம் திரும்பி, சார் லிஃப்ட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். தோழி எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். லிஃப்ட்டிலிருந்து வந்ததற்கு இதுவரை யாரும் அவருக்கு எழுந்து நின்றதில்லை. படியேறித்தான் வந்தேன் என்று சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே துறைத் தலைவியின் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

துறைத் தலைவி குள்ளமான, சுறுசுறுப்பான அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியிருந்தார். லிஃப்ட்காரர் நேரத்தை வீணாக்காமல் படிவத்தை நீட்டினார். அந்த அம்மாள் வாங்கி, கண்ணாடிக்கு மேலாக அவரையும் கண்ணாடி வழியாகப் படிவத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு படிவத்தைத் தன் ஃபைலுக்குள் செருகிக்கொண்டார்.

"இதை அப்புறம் பார்த்துக்கலாம் சார். ஹால்ல எல்லாரும் வந்து உக்காந்தாச்சு."

"நான் பேச வரலை மேடம். கையெழுத்துக்கு..."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. தண்ணி வேணுமா? மேடையிலயும் பாட்டில் வச்சிருக்கு."

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் வெளியே போய் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். லிஃப்ட்காரர் அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் படிவம் ஃபைலுக்குள் இருந்தது, ஃபைல் அந்த அம்மாளின் கக்கத்தில் இருந்தது. அந்த அம்மாள் ஹாலை நோக்கி நடந்தார். ஃபைலை விடாமல் இவரும் பின்னாலேயே நடந்தார். மேடைப் படி வந்தபோது ஃபைல் ஏறியது. இவரும் ஏறினார்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின்னால் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். 'பொருளியல் படித்தால் என்ன ஆகலாம்? – சிறப்பு விருந்தினர் உரை.' எதிரே இருநூறு பேர். முன்வரிசையில் சில பெற்றோர், மற்றவர்கள் எல்லாம் முதல் வருஷப் பிள்ளைகள். தனக்கு விடை தெரியாத கேள்வியைத் தலைக்கு மேலே எழுதி வைத்து, கீழே தன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் வர வேண்டியவர். கோட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள். அந்த நிஜ மனிதர் இப்போது எந்த நிமிஷமும் வந்து நிற்பார்.

"இப்போது சிறப்பு விருந்தினரை வரவேற்றுப் பேச முதலாண்டு மாணவி வருகிறார்" என்று ஒலிபெருக்கி சொன்னது. கையில் ஒரு அட்டையோடு மேடையேறி வந்தது அவருடைய மகள்.

அவள் பாதி தூரத்தில் அவரைப் பார்த்தாள். நின்றாள். கோட்டைப் பார்த்தாள். மாமாவின் கோட்டு அப்பாவின் மேல் என்ன செய்கிறது, அப்பா மேடை மேல் என்ன செய்கிறார் என்ற இரண்டு கேள்விகளும் அவள் முகத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயின. லிஃப்ட்காரர் கண்ணாலேயே ஏதோ விளக்க முயன்றார். மூன்று வாரமாக அம்மா வழியாகப் பேசியவர்களுக்குக் கண் பாஷை சட்டென்று கைகூடவில்லை.

அவளுக்கு வேறு வழியில்லை. மைக்குக்கு முன்னால் வந்து அட்டையைப் பார்த்து வாசித்தாள். சிறப்பு விருந்தினர் பலருடைய ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொறுப்பானவர் என்று அதில் எழுதியிருந்தது. அனுபவத்தில் மூத்தவர், எதையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர், அவருடைய ஒரு சொல்லுக்காக நாங்கள் எல்லோரும் ஏங்கிக் காத்திருக்கிறோம் என்றெல்லாம் எழுதியிருந்தது. 'ஒரு சொல்' என்ற இடத்தில் அவள் அட்டையிலிருந்து நிமிர்ந்து அவரை ஒருமுறை பார்த்தாள். முடித்துவிட்டு இறங்கிப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

கைதட்டல் முடிந்ததும் லிஃப்ட்காரர் எழுந்தார். உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் விருந்தாளி இல்ல. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்."

ஹாலில் சிரிப்பு வெடித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் விசிலடித்தான். முன்வரிசையில் ஒரு பெற்றோர் பக்கத்துப் பெற்றோரிடம், பெரிய இடத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"சத்தியமாச் சொல்றேன். மோட்டார் நின்னா, கயிறு தேஞ்சா, கதவு சிக்கினா, என்னைத்தான் கூப்பிடுவாங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. துறைத் தலைவி தன் மைக்கை இழுத்து, பொருளாதாரமும் ஒரு லிஃப்ட்தான் என்றும், அது சிக்கிக்கொள்ளும்போது யாரைக் கூப்பிடுவது என்பதுதான் நம் பாடம் என்றும் சொன்னார். அதற்குத் தனியாகக் கைதட்டினார்கள்.

இந்தச் சமயத்தில் ஹாலின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கோட்டுப் போட்ட உயரமான ஒருவர் உள்ளே வந்து நேராக மேடையை நோக்கி நடந்தார். லிஃப்ட்காரருக்கு உயிர் போய்த் திரும்பியது. நல்லதாகப் போயிற்று, நிஜமானவர் வந்துவிட்டார். "ஐயா வந்துட்டாரு" என்று மைக்கில் அறிவித்துவிட்டு, இரண்டு கையாலும் அவருக்கு இடத்தைக் காட்டி ஒதுங்கி நின்றார். ஹால் முழுக்க எழுந்து நின்றது. வந்தவர் திகைத்துப்போய், பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து மைக்கில் மாற்றிவிட்டு, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். மைக் பார்ப்பவருக்கு ஒதுங்கி நின்று மரியாதை செய்த விருந்தினரின் பண்பை எண்ணி மாணவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

இனி பேசாமல் இறங்க முடியாது. பேசுவதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். அதனால் அதையே பேசினார்.

"நான் பார்க்கற ஒரு கட்டடம், பன்னிரண்டு மாடி. ரெண்டே லிஃப்ட். காலையில ஒன்பது மணிக்குக் கீழே நூறு பேர் நிப்பாங்க. மூணாவது லிஃப்ட் போடுங்கன்னு எல்லாரும் ஓனரைப் பிடுங்கி எடுத்தாங்க. மூணாவது லிஃப்ட்டுக்கு இடமில்ல. எல்லா ஆபீஸும் வேற வேற நேரத்துல ஆரம்பிச்சா கூட்டம் குறையுமேன்னு நான் சொன்னேன். ஓனர் கூட்டம் போட்டாரு. ரொம்ப நல்ல யோசனைன்னு பன்னிரண்டு ஆபீஸும் ஒத்துக்கிச்சு. மத்த பதினொண்ணும் நேரத்தை மாத்திக்கட்டும்னு ஒவ்வொருத்தரும் சொல்லிட்டாங்க."

சிரித்தார்கள். ஆனால் இந்த முறை அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். அது அவருக்குத் தெரிந்தது. குரல் கொஞ்சம் தைரியமாயிற்று.

"சரின்னு ஓனர் இன்னொண்ணு பண்ணாரு. எட்டரைக்கு முன்னால வர்றவங்களுக்குக் கீழே காப்பி இலவசம். லிஃப்ட் போடறதைவிடக் காப்பி மெஷின் மலிவுதானே? ஒரே வாரம். கட்டடமே எட்டரைக்கு முன்னால வந்து நின்னுது. ஒன்பது மணிக்கு இருந்த அதே கூட்டம், இப்போ கையில காப்பியோட. போதாததுக்கு லிஃப்ட்டுக்குள்ள எல்லாம் காப்பி கொட்டி வச்சாங்க. அதைத் துடைக்கறதும் என் தலையில."

"அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"காப்பி மெஷின் கெட்டுப்போச்சும்மா. அதைச் சரிபண்ண யாருக்கும் தெரியலை. பாதிப் பேர் பழையபடி ஒன்பது மணிக்கே வர ஆரம்பிச்சாங்க. மீதிப் பாதிக்குச் சீக்கிரம் வந்து பழகிப்போச்சு. கூட்டம் தானா ரெண்டாப் பிரிஞ்சுது. இப்ப ஒரு புகாரும் இல்ல. ஓனர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் குடுத்தாரு. நான் ஒண்ணுமே பண்ணலைன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. உங்களை மாதிரிதான் அவரும்."

துறைத் தலைவி எழுந்து கரும்பலகையில் ஏதோ படம் வரைந்தார். ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு இறங்கியது. இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு காப்பிக் கோப்பையை வரைந்தார். பிள்ளைகள் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். தான் இரண்டு வருஷம் அல்லாடியதை அந்த அம்மாள் இரண்டே கோட்டில் போட்டுவிட்டாரே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இதைத்தான் தினமும் பஸ் ஏறி வந்து படிக்கிறாளா இந்தப் பெண்?

பிறகு பேட்ஜ்காரி எழுந்து, துணியில் எழுதியிருந்த கேள்வியையே கேட்டாள். பொருளியல் படித்தவர்கள் எங்கெல்லாம் வேலை செய்கிறார்கள், சார் நேரில் பார்த்ததைச் சொல்ல முடியுமா என்றாள்.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் இன்னும் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. மாடி மாடியாக ஏறி வேலை பார்த்தவர். வேலை பார்க்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது அவர் வழக்கம். அவர்கள் என்ன படித்தவர்கள் என்பதையும் கேட்பார். கேட்பாரே தவிர, பதிலில் கவனம் இருக்காது. கவனமெல்லாம் பிரேக்கில் இருக்கும்.

"மூணாவது மாடியில இன்சூரன்ஸ் கம்பெனி. அங்க ஒரு தம்பி. எந்த வயசுல எத்தனை பேர் படிக்கட்டுல வழுக்கி விழுவாங்கன்னு உக்காந்து யோசிக்கறது வேலை. என்னைப் பார்த்தா மட்டும் பக்கத்துல வந்து, லிஃப்ட்டைச் சீக்கிரம் சரிபண்ணுங்கம்பாரு. அவரு..." லிஃப்ட்காரர் நிறுத்தினார். "அவரு பொருளியல் படிச்சவர்."

ஒரு விரலை மடக்கினார்.

"அஞ்சாவது மாடி கவர்ன்மென்ட் ஆபீஸ். அங்க ஒரு அம்மா மாசா மாசம் ஒரே கடைக்குப் போய், ஒரே சட்டை என்ன விலைன்னு கேட்டுட்டு வருவாங்க. ஒரு தடவைகூட வாங்கினதில்ல. கடைக்காரருக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது. ஆனா அவங்க போய்க் கேக்கலைன்னா விலைவாசி ஏறுச்சா இறங்குச்சான்னு நாட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அவங்களும் அதே படிப்புதான்."

இரண்டாவது விரல். எட்டாவது மாடியில் பத்திரிகை ஆபீஸ். வரவு செலவுத் திட்டம் வரும் நாளில் அங்கிருந்து ஒருவர் படியிலேயே ஓடுவார், லிஃப்ட்டுக்குக் காத்திருக்க மாட்டார். ஒன்பதாவது மாடியில் எந்தத் தெருவில் பஸ் விடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள். பத்தாவது மாடியில் ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனை கட்டில் வேண்டும் என்று கணக்கெடுக்கிற ஒரு பெண். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் மெதுவாகிக்கொண்டு வந்தது. மற்ற மாடிகளையும் சொல்லிக்கொண்டே ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போயிருந்தார்.

"ஒருநாள் லிஃப்ட் நடுவுல நின்னுபோய் மூணு பேர் மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு மணி நேரம். உள்ள ஒரே ஒரு தண்ணி பாட்டில். அந்தப் பத்தாவது மாடிப் பொண்ணும் உள்ள இருந்துது. மத்தவங்க தண்ணியை மூணாப் பங்கு போடலாம்னாங்களாம். அந்தப் பொண்ணு, இருங்க, யாருக்கு முதல்ல பாத்ரூம் வரும்னு சொல்லுங்கன்னு கேட்டு, அவருக்கு மட்டும் குறைச்சுக் குடுத்துச்சாம். நான் கதவைத் திறந்தப்ப மூணு பேரும் சிரிச்சிக்கிட்டே வந்தாங்க. என் சர்வீஸ்ல லிஃப்ட்டுல மாட்டினவங்க சிரிச்சிக்கிட்டு வெளிய வந்து நான் பார்த்ததே இல்ல."

ஹால் சிரித்து அடங்கும் வரை அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு மாடியிலயும் இருந்திருக்காங்க. கதவுல எழுதி மாட்டலை, அவ்வளவுதான். அதனால எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அது மைக்குக்குச் சொன்னதாக இல்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மகள் எழுந்து நின்றாள். "சார், எனக்கு ஒரு கேள்வி."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. அதில் 'சார்' இருந்தது.

"கேளும்மா."

"இதைப் படிச்சா வேலை கிடைக்காதுன்னு நினைச்சு, வேண்டாம்னு சொல்ற அப்பாங்ககிட்ட நாங்க என்ன சொல்லணும்?"

ஹாலில் பலர் தலையாட்டினார்கள். அந்தக் கேள்வி பல வீடுகளில் இருந்தது போலிருக்கிறது. லிஃப்ட்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூடியை மாட்ட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவருக்கு வேலையைப் பத்திப் பயம் இல்லம்மா. நீ படிக்கறது அவருக்குப் புரியலை. சின்ன வயசுல உன் பாடத்தையெல்லாம் உன் பக்கத்துல உக்காந்து படிச்சவரா இருப்பாரு. இப்ப முதல் தடவையா நீ அவருக்குத் தெரியாத மாடிக்கு ஏறிட்டே. கீழே நின்னு பொத்தானை அழுத்திக்கிட்டே இருக்காரு, லிஃப்ட் வரலை. அந்தக் கோபம்தான்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அவரை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிட்டு வந்து பின்னால உக்கார வை" என்றார். "முன்னால வேண்டாம். முன்னால உக்கார வச்சா ரொம்பக் கஷ்டம்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். கை தூக்கி வணக்கம் சொன்னபோது கோட்டின் முதுகுத் தையல் மேலிருந்து கீழ் வரைக்கும் பிரிந்தது. அது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து தன் அறைக்கு வந்ததும் துறைத் தலைவி ஃபைலிலிருந்து படிவத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏதோ கையெழுத்துன்னு சொன்னீங்களே சார். இதுலயா?"

மணி நாலு இருபது. இன்னும் நேரம் இருந்தது. லிஃப்ட்காரர் கையை நீட்டிப் படிவத்தை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பேனா எழுதுதான்னு பார்த்துக்கங்க மேடம், அவ்வளவுதான்" என்றார். தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை. துறைத் தலைவி பேனாவை மூடி வைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவில் அம்மா இல்லாதது இருவருக்குமே சிரமமாக இருந்தது.

"கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"எங்க நேரம்? பேசிட்டில்ல இருந்தேன்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் முதுகைத் திருப்பியபோது பிரிந்த தையலைப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள். அட்டையை மேடையேற ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் தன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள் என்றும், மேடையில் அவரைப் பார்த்தவுடன் மயக்கமே வந்துவிட்டது என்றும் சொன்னாள். யாரோ ஒரு பெரிய ஆள் வருவதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம்.

அதைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்கு மறுபடி கவலை பிடித்துக்கொண்டது. அந்தப் பெரிய ஆள் என்ன ஆனார்? எங்கிருந்தோ ஆசையோடு கிளம்பி வந்து, தன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து காப்பிக் கதை சொல்வதைப் பார்த்துவிட்டு மனம் நொந்து திரும்பிப் போயிருந்தால்? ஒருவருடைய கௌரவத்தைப் பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. மகளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்து அலுவலகத்துக்கு இறங்கினார்.

அங்கே ஒரு கிளார்க் ஜன்னலை மூடுவதற்குத் தயாராக ரப்பர் ஸ்டாம்புகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்தி நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். தான் ஒரு மாணவியின் அப்பா, வேறொருவருடைய இடத்தில் தெரியாமல் பேசிவிட்டேன், நிஜ விருந்தினரின் விலாசம் கொடுத்தால் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அவர் ஆபீஸ் லிஃப்ட் கெட்டுப்போனால் ஆயுசுக்கும் காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன் என்றார்.

கிளார்க் டப்பாவை மூடினார்.

"நிஜ விருந்தினரா? கடைசி நாளன்னிக்குக் கையெழுத்துக் கேட்டு முதல்ல எந்த அப்பா வர்றாரோ அவரைத்தானே சார் மேடம் வருஷா வருஷம் மேடை ஏத்துவாங்க, போன வருஷம் ஏறின பல் டாக்டர்கூட இப்படித்தான் இங்க வந்து விலாசம் கேட்டாரு."